உங்களைக் கண்டுபிடிக்க 33 கேள்விகள்

2015 ஜூன் தொடக்கத்தில், பெங்களூருவைச் சேர்ந்த நிரலாளர் தேஜேஷ் ஜி.என். தன்னுடைய சொந்த வலைத்தளத்தை ஏர்டெல் 3ஜி இணைப்பில் திறந்து, பக்கத்துக்குப் பின்னால் ஓடும் நிரல் வரிகளைப் பார்த்தார். அவர் எழுதாத வரிகள் சில அதற்குள் இருந்தன. தளம் அவருடையது, சர்வரில் என்ன எழுதி வைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அங்கே இல்லாத வரி இங்கே இருக்கிறது என்றால் நடுவழியில்தான் நுழைந்திருக்க வேண்டும். அந்த வரிகள் வேறோர் இடத்திலிருந்து ஒரு ஸ்க்ரிப்டை அழைத்தன. ஸ்க்ரிப்ட் இருந்த இணைய முகவரி ஏர்டெல்லுடையது. அதை எழுதியது ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனம்.

கண்டதைப் படம் பிடித்து, ஆதாரத்துக்கு அந்த நிரலையும் சேர்த்து, நிரலாளர்கள் நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டார். சில நாட்களில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஃபிளாஷ் நெட்வொர்க்ஸின் பதிப்புரிமைக்கு உட்பட்ட நிரலை அவர் அனுமதியின்றி வெளியிட்டுவிட்டாராம். கேட்காமல் அடுத்தவர் பக்கத்துக்குள் கொண்டுவந்து வைத்த பொருளை ஊருக்குக் காட்டியதற்காக, வைத்தவர் தரப்பிலிருந்து புகார்! கிட்ஹப்பும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அந்தப் பக்கத்தை நீக்கியது. நோட்டீஸுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்றது ஏர்டெல். வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார் என்று அவருக்கே காட்டுவதற்காக உலகெங்கும் தொலைபேசி நிறுவனங்கள் கையாளும் வழக்கமான ஏற்பாடுதான் அது என்றும் விளக்கம் தந்தது.

அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ஆனாலும், நீங்கள் படிக்கும் பக்கத்தில் வரி சேர்க்க முடிந்தவரால் நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்று பார்க்கவும் முடியும். அன்று ஏராளமான தளங்கள் எச்டிடிபி என்ற பழைய நெறிமுறையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதில் பக்கம் திறந்த நிலையில் பயணிக்கும். வழியிலுள்ள எந்த இயந்திரமும் அதைப் படிக்கலாம், திருத்தலாம். இந்தியாவில் மட்டும் நடந்த கதையுமில்லை. அமெரிக்காவில் வெரைசான் நிறுவனம் 2012 முதல் தன் வாடிக்கையாளர்களின் கைபேசிகளிலிருந்து போகும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஓர் அடையாள எண்ணை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. 2016-ல் அதற்கு 13.5 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்த ஓட்டை இப்போது பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. 2015 டிசம்பரில் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு மறையாக்கத்துக்கு வேண்டிய சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியது. 2018 ஜூலையிலிருந்து குரோம் பிரவுசர், மறையாக்கம் இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்தது. வழியில் யாரும் படிக்க முடியாதபடி பக்கத்தை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தளங்கள் மாறின. இணைப்பு தரும் இணைய நிறுவனம் இன்றும் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பெரும்பாலும் அறியலாம். அங்கே எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், என்ன தட்டச்சு செய்தீர்கள் என்பது தெரியாது.

வழியில் நிற்பவரைத் தடுத்தாயிற்று. போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்கள்?

அங்கே முதலில் வருவது குக்கீ. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற 23 வயது இளைஞர் அதை உருவாக்கினார். இணையத்துக்கு அப்போது ஞாபகமே கிடையாது. ஒரு பக்கத்தில் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், சர்வருக்கு நீங்கள் புது ஆள். கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்களே, மொன்டுல்லி செய்தது அதுதான். தளம் ஒரு எண்ணைத் தரும். பிரவுசர் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை காட்டும். எண்ணைப் பார்த்தால் யாருடைய செருப்பு என்று தெரியும். செருப்புக்காரரின் பெயர் தேவையில்லை. ஒவ்வொரு பிரவுசருக்கும் நிரந்தரமாக ஓர் எண் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் அவர் முன்னால் இருந்தது. அப்படிச் செய்தால் ஊரிலுள்ள தளங்கள் எல்லாம் சேர்ந்து ஒருவரைத் தொடரலாம் என்பதால் அதை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார். ஒரு தளம் தந்த டோக்கனை அந்தத் தளம் மட்டுமே படிக்கலாம் என்று விதி வைத்தார்.

விதியை யாரும் மீறவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். எல்லாக் கோயில் வாசலிலும் ஒரே குத்தகைக்காரர் செருப்பு ஸ்டாண்டு எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் காலையில் மயிலாப்பூரிலும் மாலையில் அல்சூரிலும் இருந்தது அவருக்குத் தெரியும். செய்தித் தளம், சமையல் தளம், மருத்துவத் தளம் எல்லாவற்றிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் துண்டு ஒன்று ஒட்டியிருந்தால், அந்தத் துண்டு தரும் குக்கீ எல்லா இடத்திலும் செல்லும். இப்படி வளர்ந்த டபுள்கிளிக் நிறுவனத்தை 2008-ல் கூகுள் 310 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது.

இன்று நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்து, படங்கள் வந்து சேரும் அவகாசத்துக்குள், சுமார் 100 மில்லி விநாடியில், அதிலுள்ள விளம்பர இடத்துக்கு ஏலம் நடந்து முடிகிறது. திறந்த பக்கம் எது, எந்த ஊர், என்ன கைபேசி, எந்த அடையாள எண் என்ற விவரம் ஏலம் கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்பப்படுகிறது. எடுப்பவர் ஒருவர்தான், விவரம் போய்ச் சேர்வது தோற்றவர்கள் அத்தனை பேருக்கும்.

விளம்பர நிறுவனங்கள் தரும் இந்த மூன்றாம் தரப்புக் குக்கீகளை ஆப்பிளின் சஃபாரி 2020-ல் முழுமையாகத் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2022-ல் அவற்றைத் தளத்துக்குத் தளம் தனித்தனியாகப் பூட்டியது. குரோமும் கைவிடப்போவதாக 2020-ல் அறிவித்த கூகுள், தவணை மேல் தவணை தள்ளி, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனத்தின் பிரவுசர் வேறு என்ன செய்யும்.

குக்கீயையாவது அழிக்கலாம். அழிக்க ஒன்றுமே இல்லாத ஒரு முறை இருக்கிறது; எனக்கு இந்த விஷயத்தில் பெரிய வியப்பே அதுதான்.

உலகத்தில் சுமார் 820 கோடிப் பேர் இருக்கிறோம். இவர்களில் குறிப்பிட்ட ஒருவரைக் கண்டுபிடிக்க, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகள் எத்தனை கேட்க வேண்டும்? ஒவ்வொரு கேள்வியும் கூட்டத்தைச் சரிபாதியாக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணா என்று கேட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள். இரண்டாவது கேள்வியில் கால்வாசி. 10 கேள்வியில் ஆயிரத்தில் ஒருவர் அளவுக்கு வந்துவிடலாம்; 20-ல் பத்து லட்சத்தில் ஒருவர். 33 கேள்வி போதும். இரண்டை 33 முறை பெருக்கினால் 858 கோடியைத் தாண்டிவிடும். தகவலியலில் இப்படியான ஒரு கேள்விக்கான பதிலை ஒரு பிட் என்பார்கள். பூமியில் உங்களை ஒற்றை ஆளாகச் சுட்ட 33 பிட் வேண்டும். பெங்களூருவுக்குள் என்றால் இன்னும் குறைவு. ஒன்றேகால் கோடிக்கு மேல் மக்கள் இருப்பதாக மதிப்பிடப்படும் இந்த ஊருக்கு 24 பிட் தாராளம். நீங்கள் பெங்களூருவில் இருக்கிறீர்கள் என்பதை உங்கள் இணைப்பின் ஐபி முகவரி பெரும்பாலும் முதலிலேயே சொல்லிவிடும்.

மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது உங்கள் பிரவுசர். திரையின் அகலம் என்ன, எந்த நேர மண்டலம், எந்தெந்த எழுத்துருக்கள் இருக்கின்றன, என்ன பதிப்பு, என்ன கிராபிக்ஸ் சிப் என்று பக்கத்திலுள்ள ஸ்க்ரிப்ட் கேட்கும். பிரவுசர் மறைக்காமல் சொல்லும். பக்கத்தைத் திரைக்கு ஏற்றபடி அமைக்க இவையெல்லாம் உண்மையிலேயே தேவை என்பதால் அனுமதி கேட்கும் வழக்கம் இல்லை. இவற்றில் எதுவும் ரகசியமில்லை. என் திரையின் அகலத்தை நான் நாளிதழில் விளம்பரமாகக் கூடப் போடுவேன். ஆனால் ஒவ்வொன்றும் சில பிட்டுகளைக் கொட்டிவிட்டுப் போகிறது.

எவ்வளவு என்று 2010-ல் பீட்டர் எக்கர்ஸ்லி அளந்தார். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க உரிமை அமைப்பில் பணியாற்றியவர். சோதனைக்கு வந்த 4,70,161 பிரவுசர்களில் 83.6 சதவீதம், அந்தக் கூட்டத்தில் தன்னைப் போல் இன்னொன்று இல்லாதவை. இந்தப் பதில்களெல்லாம் சேர்ந்ததைப் பிரவுசரின் கைரேகை என்பார்கள். சராசரியாக அதில் 18.1 பிட் தகவல் இருந்தது; 2,86,777 பிரவுசர்களில் ஒன்றுதான் அதே ரேகையைக் கொண்டிருக்கும். பெங்களூருவுக்கு வேண்டிய 24-ல் 18 போய்விட்டது. மிச்சம் 6, அதாவது 64 பேர் கொண்ட ஒரு கூட்டம். மாலை ஏழு மணிக்கு எந்தச் செய்தியைப் படிக்கிறார், எந்தத் தளத்தில் லாகின் செய்திருக்கிறார் என்ற இரண்டு விவரங்கள் அந்த 64-ஐக் கலைத்துவிடும்.

இதில் தமிழர்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. எந்த மொழிகளை, எந்த வரிசையில் விரும்புகிறீர்கள் என்பதைப் பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்புகிறது. சென்னையில் ஒரு கைபேசியில் தமிழ் முதல் மொழியாக இருந்தால் அதில் பெரிய தகவல் இல்லை. பெங்களூருவில் தமிழை முதலிலும் ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் கன்னடத்தை மூன்றாவதாகவும் வைத்திருப்பவர், கணக்குக்காக, ஆயிரத்தில் ஒருவர் என்று கொள்ளுங்கள். ஒரே பதிலில் 10 பிட் போய்விட்டது. தாய்மொழியில் இணையத்தைப் படிப்பதற்கு நாம் கட்டும் இந்த வரியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

இன்னும் நுட்பமான வழி 2012-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 2014-ல் ஆயிரக்கணக்கான பிரபல தளங்களில் அது பயன்பாட்டில் இருப்பதைப் பிரின்ஸ்டன், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கட்டத்தில், ஆங்கில எழுத்துகள் 26-உம் வரும் ஒரு விநோத வாக்கியத்தை எழுதிக் காட்டும்படி ஸ்க்ரிப்ட் உங்கள் பிரவுசரைக் கேட்கும். எழுதிய படத்தைத் திரும்ப வாங்கி, அதன் புள்ளிகளை எண்ணாக்கிக்கொள்ளும். எல்லாக் கணினியும் ஒரே எழுத்தைத்தானே வரையும் என்று தோன்றும். வரையாது. கிராபிக்ஸ் சிப், அதன் டிரைவர், எழுத்துரு, ஓரங்களை மழுப்பும் முறை என்று ஏதோ ஒன்று வேறுபட, வளைவில் ஒரு புள்ளியின் சாம்பல் நிறம் இம்மியளவு மாறும். அந்த இம்மி போதும். கைபேசி பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்ற விவரத்தை வைத்துக்கூடச் சிறிது நேரத்துக்கு ஒருவரைத் தொடரலாம் என்று 2015-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஃபயர்பாக்ஸ் அந்த வசதியையே தளங்களிடமிருந்து பறித்துவிட்டது.

எக்கர்ஸ்லியின் எண்ணை இன்றைக்கு அப்படியே சொல்வது நியாயமில்லை. அவருடைய சோதனைக்கு வந்தவர்கள் தனியுரிமையில் அக்கறை உள்ள, கணினியை நோண்டிப் பார்க்கும் ரகம். 2018-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பொதுமக்கள் வந்துபோகும் ஒரு பெரிய தளத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேகைகளை எடுத்துப் பார்த்தபோது 33.6 சதவீதம்தான் தனித்து நின்றன. கைபேசிகளில் 18.5 சதவீதம். கைபேசிகள் தொழிற்சாலையிலிருந்து ஒரே மாதிரி வருவதும், அவற்றை நாம் அதிகம் மாற்றாமல் வைத்திருப்பதும் ஒரு காரணம்.

ஒளிந்துகொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. பத்து வகையான தடுப்பு நீட்சிகளைப் போட்டு, எதையெதையோ அணைத்து வைத்தால், அந்தக் கலவை உலகத்தில் உங்கள் ஒருவரிடம்தான் இருக்கும். 'என்னைத் தொடராதே' என்று தளங்களுக்குச் சொல்லும் ஒரு பொத்தான் 2011 வாக்கில் பிரவுசர்களில் வந்தது. தளங்கள் அதை மதிக்கவில்லை. மதிக்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. அந்தப் பொத்தானை அழுத்தியவர்கள் சிறுபான்மை என்பதால், அழுத்தியிருக்கிறாரா இல்லையா என்பதே கைரேகையில் இன்னொரு பிட் ஆயிற்று. 2019-ல் ஆப்பிள் சஃபாரியிலிருந்து அதை நீக்கியபோது சொன்ன காரணம் இதுதான். டார் பிரவுசர் எதிர்த் திசையில் போகிறது. அதைப் பயன்படுத்துபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது அதன் கொள்கை. சன்னலின் அளவைக்கூடப் பொதுவான சில அளவுகளுக்குச் சுருக்கி, ஓரத்தில் வெற்றிடம் விட்டுக் காட்டும்.

கூட்டத்தைப் பற்றிய இதே கணக்கு வேறு வடிவத்தில் பெங்களூருவிலும் எழுந்தது. இன்மொபி என்ற கைபேசி விளம்பர நிறுவனம் 2007-ல் தொடங்கியது. பதிவு சிங்கப்பூரில், வளர்ந்தது பெங்களூருவில். 2016 ஜூனில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதன்மேல் வைத்த குற்றச்சாட்டு, கோடிக்கணக்கானவர்களின் இருப்பிடத்தை அனுமதியின்றிக் கண்காணித்தது என்பது. இருப்பிட அனுமதியை மறுத்தவர்களின் இருப்பிடமும் அதில் அடக்கம்.

மறுத்தவர் எங்கே இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? வீட்டு வைஃபை ரவுட்டர் ஒவ்வொன்றும் தனக்கென்று உள்ள ஓர் எண்ணை இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். இந்திராநகரில் ஒரு காபிக் கடை. அனுமதி கொடுத்த ஒருவர் உள்ளே வருகிறார். அவர் கைபேசி தன் அட்சரேகை, தீர்க்கரேகையோடு, அருகில் கேட்கும் ரவுட்டர் எண்களையும் சேர்த்து அனுப்புகிறது. இப்படிப் பலரிடமிருந்து வாங்கி எந்த எண் எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் தயாரித்தாயிற்று. அடுத்து நீங்கள் வருகிறீர்கள். அனுமதி தரவில்லை, ஜிபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டீர்கள். ஆனால் உங்கள் கைபேசிக்கும் அந்த ரவுட்டரின் எண் கேட்கிறது. அந்த எண்ணைப் படிக்க அன்று இருப்பிட அனுமதி தேவைப்படவில்லை. வரைபடத்தில் பார்த்தால் முடிந்தது. உங்கள் மறுப்பை மேசைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் சம்மதம் தோற்கடித்துவிட்டது.

சமரசமாக இன்மொபி 9.5 லட்சம் டாலர் கட்டியது, அனுமதியின்றிச் சேர்த்த இருப்பிட விவரங்களை அழிக்கவும், 20 ஆண்டுகளுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை தணிக்கைக்கு உட்படவும் ஒப்புக்கொண்டது. பின்னால் வந்த ஆண்ட்ராய்டு, ஐபோன் பதிப்புகளில் ரவுட்டர் எண்ணைப் படிக்கவே இருப்பிட அனுமதி வேண்டும் என்று ஆகிவிட்டது. இதே ஊரில் 2011-ல் தெருக்களைப் படம் பிடிக்க வந்த கூகுள் ஸ்ட்ரீட் வியூ கார்களைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி போலீஸ் நிறுத்தியது. கண்ணுக்குத் தெரிந்த கேமராவை நிறுத்துவது சுலபம்.

சட்டத்தின் கதையும் பெங்களூருவில்தான் ஆரம்பமாகிறது. ஆதாரை வடிவமைத்த ஆணையத்தின் முதல் தலைவர் நந்தன் நிலேகனி பெங்களூருக்காரர். அதன் தொழில்நுட்ப மையமும் இங்கேதான். ஆதாரை எதிர்த்து 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவரும் இவ்வூர்க்காரரே. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ்.புட்டசாமிக்கு அப்போது வயது 86. வழக்கு நடக்கையில், 2015-ல், இந்திய அரசியல் சட்டத்தில் தனியுரிமை என்று ஓர் அடிப்படை உரிமையே இல்லை என்று அரசுத் தரப்பு வாதாடியது. 1954-இல் எட்டு நீதிபதிகளும், 1962-இல் ஆறு நீதிபதிகளும் தந்த தீர்ப்புகள் அதற்குத் துணை. அதனால்தான் ஒன்பது பேர் அமர்வு தேவைப்பட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமித்து, அது அடிப்படை உரிமைதான் என்றார்கள்.

547 பக்கத் தீர்ப்பில் குக்கீகள் வருகின்றன. பிரவுசரில் அவை எப்படி எண் ஒட்டுகின்றன என்று சொல்லிவிட்டு, நீதிபதி சந்திரசூட் எழுதிய பகுதி இன்னோர் இடத்துக்குப் போகிறது: இந்தத் துணுக்குகள் தனித்தனியாகப் பார்த்தால் அற்பமானவை, சேர்த்துப் பார்த்தால் ஒருவரின் உணவுப் பழக்கம், மொழி, உடல்நலம், நட்பு, அரசியல் சார்பு வரை காட்டிவிடும். எக்கர்ஸ்லி பிட் கணக்கில் சொன்னதை நீதிமன்றம் சட்ட மொழியில் சொல்லியிருக்கிறது. புட்டசாமி 2024 அக்டோபரில் பெங்களூருவில் காலமானார். அப்போது வயது 98.

தீர்ப்பைத் தொடர்ந்து வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வர வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் சட்டம் தடுக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் தரச் சொல்லி நீங்கள் கேட்கலாம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் சட்டம் கட்டப்பட்டிருப்பது தனி ஆளின் சம்மதத்தின்மேல். காபிக் கடையில் பக்கத்து மேசைக்காரர் தந்த சம்மதத்தை என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் தேடினேன், அகப்படவில்லை.

சட்டம் பதில் சொல்லும்வரை கைக்கு எட்டியவை சில. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குள் போய் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். ஐபோனில் ஆப்கள் கேட்கும்போது பின்தொடர வேண்டாம் என்று சொல்லலாம். ஃபயர்பாக்ஸோ பிரேவோ சஃபாரியோ வைத்துக்கொண்டு, அவற்றின் அமைப்புகளை அதிகம் நோண்டாமல் பொதுவான நிலையிலேயே விடுவது நல்லது. இன்காக்னிட்டோ சன்னல் வீட்டாரிடமிருந்து மறைக்கும். தளங்களிடமிருந்தும் இணைய நிறுவனத்திடமிருந்தும் மறைக்காது. விபிஎன் போட்டால் இணைய நிறுவனம் பார்த்ததை விபிஎன் நிறுவனம் பார்க்கும். வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு சேமிக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு உத்தரவிட்டபோது சில பெரிய விபிஎன் நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன.

வீட்டு ரவுட்டருக்கும் ஒரு வழி இருக்கிறது. வைஃபையின் பெயருக்குக் கடைசியில் ஓர் அடிக்கோடும், அதையொட்டி ஆங்கிலத்தில் 'நோமேப்' என்ற சொல்லும் சேர்த்துவிட்டால், கூகுள் அந்த ரவுட்டரைத் தன் இருப்பிட வரைபடத்தில் சேர்க்காது. பெங்களூரு அடுக்குமாடி ஒன்றில் மொட்டை மாடிக்குப் போய் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் பிளாக் என்று திரைக்கு அடங்காமல் போகும். உங்கள் பெயரை மட்டும் மாற்றினால் வரைபடத்திலிருந்து போவது உங்கள் ரவுட்டர்தான். உங்கள் கைபேசியை வைத்து நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல மற்றவர்களுடையவை போதும்.